ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்

என் ஜீப்பின் பின் ஆக்சிலுக்குள் எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் விட்டேன். அதற்கு நான் கொடுத்த விலை 875 டாலர், ஒரு முழுக் கோடைக்காலம், போதாக்குறைக்கு சியெரா நெவாடா மலையில் கொசுக்கடியோடு ஒரு ராத்திரி. எண்ணிப் பார்க்க அரை மணி நேரம் கூட ஆகியிருக்காது, ஒரு சாக்பீஸ் போதும். பாறையில் ஏறும் ஆசையில் பழைய ஜீப் வாங்கி, ஆக்சிலை மாற்றலாமா என்று யோசிப்பவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 1998 ஜீப் ராங்க்ளர், டிஜே என்று சொல்லும் மாடல். 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஏஎக்ஸ்-15 என்ற ஐந்து கியர் பெட்டி, எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் என்பி231 டிரான்ஸ்ஃபர் கேஸ். முன்னால் டானா 30 ஆக்சில், பின்னால் டானா 35. இரண்டிலும் கியர் ரேஷியோ 3.73. அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். ஊரில் லாரிப் பட்டறைகளில் கிரவுன் - பினியன் என்பார்களே, அதே சமாச்சாரம்தான். இங்கே ரிங் அண்ட் பினியன் என்கிறார்கள்.

வண்டி வந்தபோது 30 அங்குல டயர். பாறையில் வயிறு தட்டாமல் இருக்க 33 அங்குலத்துக்குப் போனேன். பெரிய டயர் போட்டால் டானா 35 தாங்காது என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். பயம் நியாயமானதுதான். அந்த ஆக்சிலில் சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்ட்டை உள்ளே பிடித்திருப்பது ஒரு சின்ன சி வடிவக் கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரத்தோடு சேர்ந்து வெளியே நழுவி வந்துவிடும். அதனால் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டு ஒன்றில் இன்னொரு டிஜேயிலிருந்து கழற்றிய, இன்னும் பலமான டானா 44 பின் ஆக்சிலை 1,100 டாலருக்கு வாங்கினேன். மூடியின் போல்ட்டில் ஒரு சின்னத் தகரத் தகடு தொங்கியது. அதில் 3.73 என்று பொறித்திருந்தது. முன் ஆக்சிலும் 3.73 ஆயிற்றே, பொருத்தம் பார்க்க வேறென்ன வேண்டும் என்று மாட்டிவிட்டேன். நான் முட்டாள் ஆனது அந்தத் தகட்டைப் படித்த நிமிடத்தில்தான்.

மாட்டியதும் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். டயரைப் பெரிதாக்கினால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். 30லிருந்து 33க்குப் போனால் பத்து சதவீதம் வித்தியாசம் வரும். நிஜத்தில் 65 மைல் வேகத்தில் போகும்போது முள் 59 காட்ட வேண்டும். அதைச் சரிசெய்ய டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒரு சின்ன ப்ளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றுவார்கள். அதையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். ஆனால் போனில் ஜிபிஎஸ் 65 என்றபோது முள்ளும் 65ல் நின்றது. முன்பு ஓட்டியவர் ஏற்கெனவே பல்சக்கரத்தை மாற்றியிருப்பார் போல, ஒரு வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். வாங்கி வைத்ததைப் பிரிக்காமலே டிராயரில் போட்டேன்.

கொஞ்சம் யோசித்திருந்தால் புரிந்திருக்கும். அந்த ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுற்றை எண்ணுவதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்ட்டின் சுற்றைத்தான் எண்ணுகிறது. பின் ஆக்சிலில் நிஜமாக இருந்தது 4.10. யாரோ எப்போதோ உள்ளே கியரை மாற்றிவிட்டுப் பழைய மூடியையும் பழைய தகட்டையும் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். 3.73க்குப் பதில் 4.10 என்றால் ஷாஃப்ட் பத்து சதவீதம் அதிகம் சுற்றும், முள் பத்து சதவீதம் கூடுதலாகக் காட்டும். பெரிய டயர் குறைத்ததை இந்தத் தப்பான கியர் கூட்டிவிட்டது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மீட்டர் சுத்தமாக 65 காட்டியது. டயரையோ ஆக்சிலையோ மாற்றிய பிறகு உங்கள் ஸ்பீடோமீட்டர் எவ்வளவு தப்பாகக் காட்ட வேண்டும் என்று முதலில் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். அந்த அளவுக்குத் தப்பாகக் காட்டினால் நிம்மதியாக இருக்கலாம். தப்பே இல்லாவிட்டால்தான் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த வித்தியாசம் ஏன் ஆபத்து? வண்டியை இரண்டு சக்கர டிரைவில் ஓட்டுகிற வரை ஒன்றும் தெரியாது. ஆனால் என்பி231 போன்ற பெட்டியில் நான்கு சக்கர டிரைவைப் போட்டால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. என் வண்டியில் பின் சக்கரம் ஒரு மீட்டர் நகரும்போது முன் சக்கரம் 1.10 மீட்டர் போக வேண்டும் என்று அடம் பிடித்தது. அந்தப் பத்து சென்டிமீட்டர் எங்காவது போயாக வேண்டும். மண்ணில் டயர் சறுக்கிக் கழித்துவிடும். பாறையில் டயர் சறுக்காது, அதனால் முறுக்கு முழுவதும் ஷாஃப்ட், அது மடங்கிச் சுற்ற உதவும் யூ ஜாயின்ட் என்ற மூட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் சங்கிலி ஆகியவற்றில் சேரும்.

முதலில் ஹோலிஸ்டர் ஹில்ஸ் பூங்காவில் இரண்டு நாள் பழகினேன். அங்கே பெரும்பாலும் புழுதி மண், ஒன்றும் உடையவில்லை. ஸ்டீயரிங் கனமாக இருந்தது, திரும்பி வரும்போது 4எல்லிலிருந்து, அதாவது நான்கு சக்கர டிரைவின் மெதுவான நிலையிலிருந்து, லீவரை வெளியே எடுக்க இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. நான்கு சக்கர டிரைவில் கெட்டித் தரையில் திரும்பினால் எந்த ஜீப்பிலும் கொஞ்சம் இறுகத்தான் செய்யும் என்று படித்திருந்தேன், அதைச் சொல்லி என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. என் பையனிடம் ரிமோட்டில் ஓடும் பொம்மை ராக் கிராலர் இருக்கிறது. அந்த உலகத்தில் முன் ஆக்சிலை வேண்டுமென்றே பின்னதைவிட வேகமாகச் சுற்றும்படி கியர் போடுகிறார்கள், ஓவர்டிரைவ் என்று பெயர். முன்பக்கம் இழுத்துக்கொண்டு போவதால் ஏற்றமும் திருப்பமும் சுலபமாகிறதாம். "அப்பா, உங்க ஜீப்பும் அதே மாதிரி முன்னாடி இழுக்குதே" என்று பையன் ஹோலிஸ்டரிலேயே சொன்னான். பெருமையாகச் சிரித்தேன். இரண்டு மூன்று கிலோ பொம்மைக்கு அந்த வித்தை சரி, டயர் சறுக்கிப் போய்விடும். ஒன்றரை டன் இரும்பில் அதையே செய்தால் இரும்புதான் முறியும். பையன் சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

ஜூலையில் ரூபிகன் டிரெயில் போனேன். ஜார்ஜ்டவுன் பக்கமிருந்து டாஹோ ஏரி வரை சுமார் 22 மைல், பாறையில் ஊர்கிறவர்களுக்குத் திருத்தலம் மாதிரி. "ஏங்க, தனியாவா போறீங்க?" என்று மனைவி கேட்டாள். வார நாள் என்றால் கூட்டம் இருக்காது, மெதுவாகப் போவேன் என்றேன். தனியாகப் போனது முட்டாள்தனம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. லூன் லேக் அணைப் பக்கம் இறங்கி, கிரானைட் பௌல் என்ற வெட்ட வெளிப் பாறையில் ஏறினேன். மொட்டைப் பாறை, டயர் அட்டை போல ஒட்டும். அங்கேயே முன் சக்கரங்கள் கீச் கீச்சென்று கத்தின, வண்டி குதிரை மாதிரி சின்னச் சின்னதாகத் துள்ளியது. எல்லிஸ் க்ரீக் தாண்டி ஓர் ஏற்றத்தில், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு பாறையின் மேல் முன் வலது சக்கரத்தை வைத்தபோது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். முன் வலது ஆக்சில் ஷாஃப்ட்டில் யூ ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் காது முறிந்து, ஜாயின்ட் இரண்டு துண்டாகத் தொங்கியது.

போனில் சிக்னல் இல்லை. சாயங்காலம் ஆனதும் கொசு ஈசல் கூட்டம் மாதிரி வந்தது. ராத்திரி முழுக்க ஜீப்புக்குள் முடங்கிக் கிடந்தேன். பயமாக இருந்தது என்று சொல்ல வெட்கமில்லை. வீட்டில் மனைவி என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்பதுதான் பாறையைவிடக் கனத்தது. ஒன்பது மணிக்குள் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

காலையில் ஒரு பழைய டொயோட்டா பிக்கப்பில் ஒரு பெரியவரும் அவர் மகனும் வந்தார்கள். பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். அதிகம் பேசவில்லை, நேரே டூல் பெட்டியைத் திறந்தார். ஆக்சில் நட்டுக்கு 36 மில்லிமீட்டர் சாக்கெட், ஹப்பைப் பிடிக்கும் மூன்று போல்ட்டுக்கு பன்னிரண்டு முனை 13 மில்லிமீட்டர் சாக்கெட், இரண்டும் அவரிடம் இருந்தன. என்னிடம் இரண்டுமே இல்லை. டிஜேயை மலைக்கு எடுத்துப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இந்த இரண்டையும் ஒரு மாற்று ஷாஃப்ட்டையும் மறக்கக் கூடாது. முறிந்த ஷாஃப்ட்டை உருவி, ஆயில் ஒழுகாமல் குழாயில் துணியை அடைத்து, ஹப் கழன்றுவிடாமல் இருக்க வெளித்துண்டை மட்டும் திரும்ப மாட்டினார். ஒரு பக்கம் ஷாஃப்ட் இல்லாததால் முன் ஆக்சிலுக்கு இனி இழுவை கிடையாது. 4எல் போட்டாலும் பின் சக்கரம் மட்டும்தான் தள்ளும்.

அப்படித் திருப்பி ஓட்ட ஆரம்பித்ததும் ஓர் ஆச்சரியம். ஸ்டீயரிங் பூப்போல லேசாகிவிட்டது. கீச் சத்தம் இல்லை, துள்ளல் இல்லை. "உடைந்த பிறகுதான் வண்டி நன்றாக ஓடுகிறது" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பெரியவர் சிரிக்கவில்லை. கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "முன்னும் பின்னும் என்ன ரேஷியோ?" என்று கேட்டார். இரண்டும் 3.73 என்றேன். "நீங்கள் எண்ணினீர்களா, யாராவது சொன்னார்களா?" என்றார். தகட்டில் போட்டிருந்தது என்றேன். அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது பாருங்கள், அதை மறக்கவே மாட்டேன்.

அவர் செய்து காட்டியதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கல் கொடுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை விடுவித்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். மற்ற சக்கரம் தரையில் அசையாமல் இருக்க வேண்டும். தூக்கிய டயரிலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு. டயரை இரண்டு முழுச் சுற்று சுற்றினார். ஒரு பக்கம் நிற்கும்போது டிஃபரன்ஷியல் பாதிதான் சுற்றும், அதனால் டயர் இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. 3.73 என்றால் நாலாவது சுற்று முடியாமல் நிற்க வேண்டும். கோடு நாலைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றது. அவ்வளவுதான். இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் லாக்கரோ லிமிடெட் ஸ்லிப்போ உள்ள ஆக்சிலில் இந்த முறை சரிப்படாது. அதில் இரண்டு சக்கரத்தையும் ஸ்டாண்டில் தூக்கி, சேர்ந்தே ஒரே ஒரு சுற்று சுற்றி எண்ண வேண்டும். வீட்டில் செய்யும்போது இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கும் முதல் முறையில் டயரை இருபது சுற்று சுற்றுங்கள். 37 வந்தால் 3.73, 41 வந்தால் 4.10.

இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு. டிஜேயில் முன் ஷாஃப்ட் இரண்டு சக்கர டிரைவிலும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு ஷாஃப்ட்டிலும் கோடு போட்டு, 2எச்சில், அதாவது இரண்டு சக்கர டிரைவில், வைத்து, ஒருவர் வண்டியை நேராகத் தள்ள, ஆளுக்கு ஒரு ஷாஃப்ட்டை எண்ணினால் போதும். நாலு டயரும் ஒரே அளவாக இருந்தால் எண்ணிக்கை ஒன்றாக வர வேண்டும். முன் ஹப்பைத் தனியாகத் துண்டிக்கும் வசதியுள்ள வண்டிகளில் அதைப் பூட்டிவிட்டுச் செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். ரிங் கியரின் ஓரத்தில் 41-10 என்று பொறித்திருந்தது. முன்னால் 41-11. இரண்டிலும் பெரிய சக்கரத்தில் 41 பல்தான். பெரிய சக்கரத்தை மட்டும் எண்ணுகிறவர் மறுபடியும் ஏமாறுவார். 41ஐ 11ஆல் வகுத்தால் 3.73, 10ஆல் வகுத்தால் 4.10. பினியனில், அதாவது சின்னச் சக்கரத்தில், ஒரே ஒரு பல் குறைந்ததில் நான் மலையில் படுத்தேன். முன்னும் பின்னும் துளிகூட வித்தியாசம் கூடாதா என்றால், அப்படியும் இல்லை. ஃபோர்டு லாரிகளிலேயே பின்னால் 4.10, முன்னால் 4.09 என்று வந்திருக்கிறது. ஒரு சதவீதத்துக்குள் என்றால் டயரின் காற்று வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். பத்து சதவீதம் அடங்காது.

சரி, இனி என்ன ரேஷியோ போடுவது? முன்னதை மட்டும் 4.10 ஆக்கினால் செலவு பாதி. ஆனால் 33 அங்குல டயருக்கு அது போதாது. கணக்கு சுலபம்: பழைய ரேஷியோவைப் புதிய டயர் அளவால் பெருக்கி, பழைய டயர் அளவால் வகுக்க வேண்டும். 3.73ஐ 33ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால் 4.10 வருகிறது. அது பழைய நிலைக்குத் திரும்புவது மட்டும்தான், பாறைக்கு ஒன்றும் கூடவில்லை. 4.56, 4.88 இரண்டையும் எடுத்து நெடுஞ்சாலைக் கணக்கும் போட்டேன். ஐந்தாவது கியரில் 65 மைல் வேகத்தில் 4.56க்கு எஞ்சின் நிமிடத்துக்கு சுமார் 2,400 சுற்று, 4.88க்கு 2,550. பாறையில் முதல் கியர் 3.83, டிரான்ஸ்ஃபர் கேஸ் 2.72, ஆக்சில் மூன்றையும் பெருக்கினால் ஊர்வு விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது, கிடைக்கும். 3.73ல் சுமார் 39, 4.56ல் 47.5, 4.88ல் 51. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் ஐடிலில் ஓட, 47.5 என்றால் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகம், கூட நடக்கிற ஆள் முந்திப் போய்விடுவார்.

நான் 4.56ஐ எடுத்தேன். காரணம், டானா 30 சின்ன ஆக்சில். ரேஷியோ கூடக் கூடப் பினியன் சிறுத்துக்கொண்டே போகும், பல்லின் பலமும் குறையும். 35 அங்குல டயர் போடும் எண்ணம் இருந்திருந்தால் 4.88 எடுத்திருப்பேன், ஆனால் அப்போது முன் ஆக்சிலையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். இன்னும் மெதுவாக ஊர வேண்டும் என்கிறவர்களுக்கு ஆக்சிலைவிட டிரான்ஸ்ஃபர் கேஸை நாலுக்கு ஒன்றாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. ஆக்சில் கியர் நெடுஞ்சாலையிலும் கூடவே வரும், டிரான்ஸ்ஃபர் கேஸ் பாறையில் மட்டும் வேலை செய்யும். 2003ல் வந்த ரூபிகன் மாடலில் கம்பெனியே நாலுக்கு ஒன்று பெட்டியோடு 4.10 ஆக்சிலைத்தான் கொடுத்தது.

கியர் வாங்கும்போது இன்னொரு அடி. விலை குறைவு என்று இணையத்தில் டானா 30, 4.56 என்று போட்டிருந்த செட்டை வாங்கிவிட்டேன். டானா 30யிலேயே பினியன் மேலே இருக்கும் வகை, கீழே இருக்கும் வகை என்று இரண்டு உண்டு. பழைய ஜீப் செரோக்கிகளில் மேலே, டிஜேயில் கீழே. பல்லின் சுழி எதிரெதிர்த் திசை, ஒன்று மற்றொன்றில் சேராது. திருப்பி அனுப்பியதில் 75 டாலர் போயிற்று. ஒரே ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. கிரவுனைத் தாங்கும் கேரியர் எல்லா ரேஷியோவுக்கும் பொதுவல்ல. டிஜேயின் டானா 30யில் 3.54 வரை ஒன்று, 3.73 முதல் வேறொன்று. டானா 44ல் 3.73 வரை ஒன்று, 3.92 முதல் வேறொன்று. என் முன் ஆக்சில் 3.73 ஆகவும், பின்னது யாரோ செய்த புண்ணியத்தில் 4.10 ஆகவும் இருந்ததால் இரண்டிலும் புதுக் கேரியர் தேவைப்படவில்லை. 3.07 கியரோடு வந்த டிஜே வைத்திருப்பவர்கள் பட்ஜெட்டில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கியர் செட்டும் பேரிங் கிட்டும் 860 டாலர், பட்டறைக் கூலி 1,400. இதை வீண் என்று சொல்ல மாட்டேன், 33 அங்குல டயருக்கு எப்படியும் செய்ய வேண்டியதுதான். வீணாய்ப் போனது ஷாஃப்ட்டும் ஜாயின்ட்டும் 280, தொய்ந்து போன டிரான்ஸ்ஃபர் கேஸ் சங்கிலிக்குக் கூலியோடு 520, தப்பான கியர் செட்டுக்கு 75. பட்டறையில் முதல் தடவை பின்னால் பல் இடைவெளி சரியாக வைக்கவில்லை. 50 மைலில் காலை எடுத்தால் ஊளையிட்டது. வாரண்டியில் மறுபடி பிரித்துச் செய்தார்கள், இன்னும் இரண்டு வாரம் போயிற்று. பில்லைக் கட்டுவதற்கு முன் பல் படிந்த தடத்தை, அந்த மஞ்சள் பேஸ்ட் பூசி எடுப்பார்களே, அதைப் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். புதுக் கியரை முதல் நாள் இருபது மைல் ஓட்டி நன்றாக ஆற விட வேண்டும், 500 மைலில் ஆயிலை மாற்ற வேண்டும். அதுவரை பாறைப் பக்கம் போகவில்லை, அதற்குள் செப்டம்பர் முடிந்துவிட்டது.

இப்போது ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுகிறது. 65ல் போனால் முள் 72. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 72தான் வர வேண்டும். டிராயரில் கிடந்த ப்ளாஸ்டிக் பல்சக்கரத்தை ஆசையாக எடுத்துப் பார்த்தால், அது குறைவாகக் காட்டுவதைக் கூட்டுவதற்கு. எனக்கு இப்போது வேண்டியது கூடுதலாகக் காட்டுவதைக் குறைப்பதற்கு. 22 டாலர் கொடுத்து இன்னொன்று வாங்கி மாட்டினேன். பழையது இன்னும் பிரிக்காமல் டிராயரில் கிடக்கிறது.